முன்பல்லின் நிறம்

மார்ச் 2, திங்கள்

இன்றைக்கும் பொய் சொன்னேன். இல்லை, பொய் என்று சொல்ல முடியாது. நடந்ததைத்தான் சொன்னேன். தேதிதான் பொய்.

எங்கள் பல் லேபில் திங்கட்கிழமை டீக்கு ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தோம் என்று நாலு பேரும் சொல்லியாக வேண்டும். "ஒண்ணுமில்ல" என்றால் அபராதம்: பல் அச்சு வார்க்கப் பிளாஸ்டர் குழைத்து அன்றைக்குச் சேரும் கிண்ணங்களையெல்லாம் அவர்தான் கழுவ வேண்டும். காய்ந்த பிளாஸ்டரைச் சுரண்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கிண்ணம் சுத்தமாவதற்குள் நகம் போய்விடும். ஓனரம்மா போட்ட சட்டம். நாள் பூராவும் முகமூடி கட்டிக்கொண்டு யார் யாருக்கோ பல் செய்கிறோமே, "ஊர் வாயெல்லாம் சரி பண்றோம், நம்ம வாய் துருப்பிடிச்சுப் போகக் கூடாது" என்பார்.

முதலில் மெழுகு அண்ணன். பல்லுக்கு மெழுகில் உருச் செய்பவர். ஞாயிறானால் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். இதுவரை ஒரு மீனும் சிக்கியதாகச் சரித்திரம் இல்லை. "இந்த வாரம் ஒண்ணு வந்துச்சும்மா. என்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு" என்றார். ஓனரம்மா மாடித் தொட்டிகளில் விதை போட்டாராம். அடுத்து பொட்டலம். செய்து முடித்த பற்களைக் கட்டி டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவள், அதனால் அந்தப் பெயர். "துணி துவைச்சேன், மடிச்சேன். சரியா வரலன்னு கலைச்சு மறுபடி மடிச்சேன்" என்றாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே முப்பத்தைந்தைத் தாண்டியவள். போன வருஷம் அந்த அம்மாவும் போய்விட்டாள்.

நான் படகுக் கதையைச் சொன்னேன். ஏரியில் படகு எடுத்தோம், அவர் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டார், படகு நின்ற இடத்திலேயே கரகரவென்று சுற்றியது, கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். "வீட்டுக்காரர் வெளியூர்லேர்ந்து வந்திருந்தாரா? அதான் ஷேட் அக்கா முகத்துல இவ்ளோ களை" என்றார் ஓனரம்மா. பல்லின் நிறத்தைப் பொருத்துவது என் வேலை, அதை நாங்கள் ஷேட் என்போம். இங்கே என் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

படகு சுற்றியது கல்யாணமான புதிதில். அவர் வெளியூரிலும் இல்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நான்தான் இங்கே ஒரு மாடி அறையில். "கொஞ்ச நாள் தனித்தனியா இருந்து பாக்கலாம். இந்தக் குளிர் முடியட்டும், உக்காந்து பேசுவோம்" என்றார், இலையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தபோது. சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது வந்திருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய லேபை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தேன். எங்கே வேலை பார்க்கிறாய் என்று அவர் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை.

குளிர் முடிகிறது. என் மேசைக்கு எதிரே வடக்கு ஜன்னல். வெளியே மொட்டை மரத்தில் ஊசிமுனை மாதிரி என்னவோ முளைத்திருக்கிறது. இன்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். மரம் துளிர்த்தால் மனுஷன் வருவான் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

தங்கை போன் செய்தாள். "நீயே பேசேன்க்கா." பேசலாம் என்றது அவர், அவர்தான் கூப்பிட வேண்டும் என்றேன். "அக்கா, வர்றவரு குளிர் விடட்டும்னு உக்காந்திருப்பாரா?"

பட்டென்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில். கதவைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தேன். நாளைக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வது?

மார்ச் 9, திங்கள்

என் கதைக்கு இன்று அவசியமே வரவில்லை. பொட்டலம் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஓனரம்மா தோண்டித் துருவி எடுத்துவிட்டார்.

டாக்டர் கிளினிக்கில், ஆட்கள் காத்திருக்கும் கூடத்தில் இவள் பெட்டியைத் தவறவிட்டாளாம். பற்கள் நாலாபக்கமும் உருண்டன. பல் சுத்தம் செய்துகொள்ள வந்திருந்த ஒருவர் மண்டி போட்டு நாற்காலிக்கு அடியிலெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தாராம். "இது உங்களோடதா பாருங்க, என்னோடது என் வாயிலதான் இருக்கு" என்றாராம். அப்புறம் இரண்டு முறை பஸ் நிறுத்தத்தில் பார்த்திருக்கிறாள். வருகிற ஞாயிறு ஏரிக்கரையில் நடக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

"கல்யாணம் ஆச்சு, இப்ப தனியா இருக்கேன்னு முதல்லயே சொல்லிட்டாருக்கா. போகட்டுமா?" என்று என்னைக் கேட்டாள். ஏன் என்னைக் கேட்டாள்? படகும் பூவும் புருஷனுமாக வாரா வாரம் அளக்கிறவள் நான்தானே.

"மறைக்காம சொன்னாருல்ல, அப்பவே பாதி நல்லவரு. வீட்ல உக்காந்து மடிச்ச துணியவே மடிக்கப் போறியா? போய்ட்டு வா" என்றேன்.

அவள் சிரித்தபோது முகமே வேறாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

"அக்கா, நீங்க சொன்னீங்களே, அதே மாதிரி எங்க படகும் சுத்துச்சு!"

மெழுகு அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே துடுப்புதாம்மா." நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

சாலையில் நடக்கும்போது வண்டி வரும் பக்கம் அவர் வந்துகொண்டு, இவளை உள்பக்கம் விட்டாராம். இதை மூன்று தடவை சொன்னாள். அப்படி நடப்பவர்களை எனக்கும் தெரியும் என்றேன். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இருக்கட்டும், அவளுக்கு இப்போதுதான் விடிகிறது. கண் வைக்கக் கூடாது.

மரத்தில் மொட்டு வெடித்திருக்கிறது. அவர் போன் செய்யவில்லை.

மார்ச் 23, திங்கள்

எழுதுவதா வேண்டாமா என்று இருக்கிறது.

பொட்டலம் இன்று சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நேற்று ஏரிக்கரையில் அக்ரூட் வாங்கினார்களாம். "ஓட்டோட உடைக்கிறேன் பாருன்னு வாயில வச்சு ஒரு கடி. டொக்குனு சத்தம். ஓடு அப்படியே இருக்கு, முன்பல்லு கேப்பு உடைஞ்சு கையில வந்துருச்சு!" சிரித்த சிரிப்பில் ஓனரம்மாவுக்கு டீ புரையேறிவிட்டது. "பல்லுப் போனா சொல்லுப் போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க. அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் காத்துதான் வந்துச்சு" என்றாள் பொட்டலம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேப், அதாவது பீங்கான் உறை, போட்ட பல்லால் அக்ரூட்டைக் கடிக்கிற முட்டாள் ஊருக்கு ஒருத்தனாவது இருப்பான். இருப்பான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 25, புதன்

டாக்டரிடமிருந்து வந்த பெட்டியைப் பொட்டலம் நேரே என் மேசைக்குக் கொண்டுவந்தாள். "அக்கா, இது அவரோடது. நீங்கதான் செய்யணும். உங்க கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி." உள்ளே பல் வரிசையின் அச்சு, மூன்றாம் ஷேட் என்று டாக்டரின் சீட்டு, பஞ்சில் சுற்றிய உடைந்த கேப்.

பஞ்சைப் பிரித்தேன்.

எல்லா இடமும் ஒரே வெள்ளையாக இருந்தால் பீங்கான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஓரத்தில் நொய்யரிசியில் பாதி அளவுக்கு ஒரு வெண்புள்ளி வைப்பது என் வழக்கம். ஒரே ஒரு பல்லுக்கு மட்டும் இரண்டு வைத்தேன். கல்யாணமான புதிதில் என்னைச் சிரிக்க வைக்க அக்ரூட்டைக் கடித்து ஒருவர் பல்லை உடைத்துக்கொண்டு வந்தாரே, அவருக்கு. "பெரிய புள்ளி நீங்க, சின்னது நான்" என்று கண்ணாடியில் காட்டினேன். அப்போதெல்லாம் எனக்கும் கொழுப்புதான்.

இரண்டு புள்ளியும் அப்படியே இருந்தன. பெரியதும் சின்னதும். உடைந்தது வேறு இடத்தில்.

என்னங்க இது? எனக்கு உடைச்ச அதே அக்ரூட்டா? வேற வித்தையே தெரியாதா உங்களுக்கு? குளிர் முடியட்டும்னு சொன்னீங்களே, இதுக்கா? நான் இங்க மரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் — மொட்டு விட்டுச்சா, இலை விட்டுச்சான்னு — பைத்தியக்காரி மாதிரி. போய்ட்டு வாடின்னு நானே தள்ளி விட்டிருக்கேன். நானே!

"என்னக்கா, கஷ்டமான வேலையா?" என்றாள். பக்கத்திலேயே நின்றிருந்தாள். "இல்லடி, பழைய வேலை" என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

செய்தேன். ஓனரம்மாவிடம் கொடுத்து வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பல்லை இன்னொருத்தி தொடுவதா என்று ஒரு வீம்பு. பல்லை மட்டும் இன்னொருத்தி தொடக் கூடாதாம். என் புத்தியை எதில் சேர்ப்பது?

டாக்டர் எழுதியிருந்த மூன்றை அடித்துவிட்டு இரண்டாம் ஷேடில் செய்தேன். எண் கூடக் கூட மஞ்சள் கூடும். அவருக்கு எப்போதும் இரண்டுதான். அந்த வாயைப் பற்றி டாக்டருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

கை பழக்கத்தில் இரண்டு புள்ளியும் வைத்துவிட்டது. பீங்கானைச் சுடும் அடுப்பில் வைப்பதற்கு முன்னால் சின்னதைத் தூரிகை நுனியால் எடுத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அழுகைதான் இன்றைய பொழுதுபோக்கு. இதை நாளைக்கு டீயில் சொல்ல முடியுமா?

மார்ச் 30, திங்கள்

கேப் திரும்பி வந்துவிட்டது. என் கையால் செய்த பல் திரும்பி வந்ததாக எனக்கு நினைவே இல்லை.

"நிறம்தான்க்கா. மத்த பல்லுக்கு நடுவுல தனியா பளிச்சுன்னு தெரியுது. 'இத செஞ்சவங்க என்னை இன்னும் சின்னப் பையன்னு நெனச்சிருக்காங்க'ன்னு சிரிச்சாரு. அப்புறம் கண்ணாடிக்குக் கிட்டக்க போய்ப் பாத்தாரு, சிரிப்பு நின்னு போச்சு. யார் செஞ்சதுன்னாரு. எங்க ஷேட் அக்கான்னேன். பேரு என்னன்னு கேட்டாரு, சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பல்லு கூசியிருக்கும்போல. உடனே வீட்டுக்குப் போய்ட்டாரு."

டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எத்தனை டீ, எத்தனை வருஷம், பல் மங்காதா? கேப் மட்டும்தான் அப்படியே இருக்கும். பழையதும் இப்படித்தான் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அது கண்ணில் படவில்லை. ஊரார் பல்லில் அரை ஷேட் மாறினால் கண்டுபிடிப்பேன். இவருக்கு வயதானதைப் பார்க்கவில்லை. வேறு எதையெல்லாம் பார்க்காமல் இருந்தேனோ.

"நேர்ல பாத்துத்தான் ஷேட் எடுக்கணும். சனிக்கிழமை பகல் வெளிச்சத்துல வரச் சொல்லு" என்றேன்.

வேலைக்காகவா, பார்ப்பதற்காகவா? இரண்டுக்கும்தான். யாரிடம் மறைப்பது.

ஏப்ரல் 4, சனி

வந்தார்.

புதுச் சட்டை. முடி வெட்டியிருந்தார். பொத்தானெல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கு அதுதான் முதலில் வலித்தது. பொட்டலம் "அக்கா, இவர்தான்" என்று சின்னப் பிள்ளை மாதிரி எனக்குக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். பேரைக் கேட்டுத் தெரிந்த பிறகும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது அவர் வழக்கம்தான்.

ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். "நான்—" என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தார்.

மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்தியிருக்கும் தகட்டை உதட்டருகே பிடித்தேன். நேரம் பிடித்தால் பல் காய்ந்து வெளுப்பாகக் காட்டும், அதனால் சட்டென்று பார்க்க வேண்டும். கண்ணும் சோர்ந்துவிடும், அதற்கென்று மேசையில் ஒரு நீலத் துணி வைத்திருக்கிறேன், நடுநடுவே அதைப் பார்த்துக் கண்ணைத் தெளிய வைத்துக்கொள்ள. இன்று அந்தத் துணியைத்தான் அதிகம் பார்த்தேன். பொட்டலம் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. வாய் திறந்தபடி இருப்பவர் அழுதால் பார்க்கச் சகிக்காது. ஒரு காலத்தில் அந்தக் கண்ணைத் துடைத்திருப்பேன்.

மூன்றுக்கும் கொஞ்சம் கூடுதல். ஓரத்தில் லேசான பழுப்பு. எழுதிக்கொண்டேன்.

"குளிர் முடிஞ்சதும் பேசலாம்னு சொல்லியிருந்தேன்…" என்றார், வாயை மூடியதும், மெதுவாக.

பொட்டலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை குடுத்தனுப்பறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டுத் தகட்டைத் துடைத்தேன்.

அவர்கள் கீழே இறங்கிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மரத்தடியில் நின்று அவர் ஏதோ சொன்னார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கவில்லை. விடுவிடுவென்று நடந்தாள், அவர் பின்னாலேயே ஓடினார். சாலைக்குப் போனதும் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து வண்டி வரும் பக்கம் சேர்ந்துகொண்டார். அந்த அவசரத்திலும் அதை மறக்கவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அவர் வரமாட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

பொட்டலம் வரவில்லை. மெழுகு அண்ணன்தான் பெட்டிகளைக் கொண்டுபோனார். டீக்கு யாரும் கூடவில்லை. கேப்பை முடித்துவிட்டேன். ஒரே புள்ளி.

ஏப்ரல் 7, செவ்வாய்

வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. பிளாஸ்டர் அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி."

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"பஞ்சைப் பிரிச்ச அன்னிக்கு."

அதைக் கேட்டுத்தான் இன்னும் அழுதாள். "தெரிஞ்சுமா செஞ்சு குடுத்தீங்க? நான் இனிமே அவரை—"

"நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

பெரிய மனசு என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால், போய் நல்லா இரு என்று அந்த இடத்தில் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. திட்டவும் வரவில்லை, யாரைத் திட்டுவது, மடித்த துணியை மடித்துக்கொண்டிருந்தவளையா? கேப் இருந்த பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். "டாக்டர்கிட்ட குடுத்துடு. இனிமே அக்ரூட் வேணாம்னு சொல்லு."

ஏப்ரல் 10, வெள்ளி

போன் வந்தது. அவரேதான்.

"உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சரி."

"பல்லு சரியா இருக்கு. பொருந்திருச்சு" என்றார். சந்தோஷம் என்று வைத்துவிட்டேன்.

குளிர் முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு இவ்வளவுதான். நான் உட்காரக்கூட இல்லை. வைத்த பிறகு சுவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினேன். கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். சரியில்லை என்றேன்.

தங்கையைக் கூப்பிட்டேன். நீ சொன்னது சரிதான் என்றேன். அவள் அழுதாள். நல்லவள்.

ஏப்ரல் 13, திங்கள்

மரம் முழுக்க இலை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பச்சை கலந்துவிட்டது. இனிமேல் ஷேட் எடுப்பது கஷ்டம், திரை போட வேண்டும்.

மெழுகு அண்ணனுக்கு நேற்று ஒரு செருப்பு சிக்கியதாம். "மீனோடதா இருக்கும்" என்றார் ஓனரம்மா. அவர் தொட்டியில் விதை முளைத்திருக்கிறது. அடுத்தது என் முறை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஏதோ கதை வரப்போகிறது என்று. சொல்வதற்கு இன்னும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் என்னிடம் இருக்கின்றன. வருஷக்கணக்கில் வரும்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஏம்மா, வீட்டுக்காரர் வரலையா?" என்றார் மெழுகு அண்ணன்.

"வரமாட்டாரு அண்ணே. அவர் வெளியூர்லயும் இல்ல."

ஓனரம்மா என் டீயை எடுத்துப்போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்து வைத்தார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சட்டம் சட்டம்தான். கிண்ணம் நெறைய சேந்திருக்கு" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் பொட்டலம். தலையைக் குனிந்தபடியே, "எனக்கும் ஒண்ணுமில்ல. வீட்லயேதான் இருந்தேன்" என்றாள்.

மத்தியானம் இரண்டு பேரும் கிண்ணம் கழுவும் தொட்டியடியில் நின்றோம். கீழே விழுந்த, பிளாஸ்டர் சுரண்டும் கத்தியை எடுக்கக் குனிந்தபோது அவள் காலணியைப் பார்த்தேன். ஓரம் முழுக்க நேற்றைய ஏரிக்கரைச் சேறு, காய்ந்து வெடித்திருந்தது.

நல்லவேளை, என் அளவுக்கு இவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

கத்தியை அவளிடம் நீட்டினேன். சின்னக் கிண்ணங்களை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பெரியதை நான் எடுத்துக்கொண்டேன்.